தோற்க ஆள் தேவை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தையல் கடையும் நலம், வாடிக்கையாளர்கள்தான் பருத்துக்கொண்டே போகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பாவத்துக்கு எத்தனை மைதானம் பார்த்துவிட்டேன்! சக்கரநாற்காலிப் பெண்கள் பிரிவில் ஒருத்தி மட்டும் பேர் கொடுத்தால் போட்டியே ரத்து. அதனால் நீங்கள் மேஜைப்பந்து என்றால் நானும் மேஜைப்பந்து, நீச்சல் என்றால் நானும் தண்ணீரில். ஈட்டி என்றபோது நடுவரின் குடையைக் குத்தினேன். நாட்டின் முதல் வீராங்கனை என்று உங்கள் படம் பேப்பரில் வந்தது. கடைசி வீராங்கனைக்கு ஒரு வரி? ம்ஹும்.

இப்போது துப்பாக்கி சுடுகிறேன். சிரிக்காதீர்கள், ஊசியில் நூல் கோத்த கை ஆடாது. பயிற்சியாளரே, "இத்தனை நாள் எங்கம்மா இருந்த?" என்கிறார். ஆனால் பெரிய போட்டிக்குப் பேர் கொடுத்தவள் நான் ஒருத்திதான். நீங்கள் வந்து தோற்க வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள்
தொணதொணப்பு

ஜனவரி 20

அன்புள்ள தொணதொணப்புக்கு,

பாங்க் கவுண்டரிலேயே படித்துச் சிரித்துவிட்டேன். எதிரே நின்றவர் முறைத்தார்.

ஆனால் வர முடியாதடி. தோளில் இரண்டு ஆபரேஷன். தோற்காமல் விளையாட்டை விட்டேன். என்னிடம் மிச்சம் அது ஒன்றுதான். துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியாமல் போய் ஊர் சிரிக்க வேண்டுமா? வேறு யாரையாவது கேள். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

ஜனவரி 27

அக்கா,

கோபமில்லை. வேறு யாரும் இல்லை, அதுதான்.

ஒவ்வொரு முறையும் தோற்றுவிட்டுச் சிரித்தேனே, வலிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? வெள்ளிக்கிழமையோடு பேர் கொடுப்பது முடிகிறது.

தொணதொணப்பு

மார்ச் 30

என் அன்பு அக்காவுக்கு,

மெடலைக் கழற்ற மனமில்லை. அதோடுதான் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறேன்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றீர்களே! நீங்கள் சுட்ட குண்டு ஒன்று என் இலக்கு அட்டையில் விழுந்தது. கடைசி இடத்துக்கு உங்கள் பேரை வாசித்தபோது கை தட்டினீர்கள், முகம்தான் புளித்துப் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன். மெடலுக்காக என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நேற்று ஒரு செய்தி கேள்விப்பட்டேன். உங்கள் ஊர் பயிற்சிக்கூடத்துக்காரர் என் பயிற்சியாளரிடம் உளறிவிட்டார்: "போட்டி முடிஞ்சதுலேருந்து அந்தம்மா தினமும் வராங்க சார். துப்பாக்கிக்கு ஸ்டாண்டு வெச்சுத் தோளைக் காப்பாத்திக்கிறாங்க. அந்தத் தொணதொணப்புகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்கன்னாங்க."

அடிப்பாவி அக்கா! தோற்கத்தானே கூப்பிட்டேன்?

இன்று கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போனேன். இத்தனை வருஷப் போட்டியில் எனக்கு ஒரு தடவைகூட இப்படிப் பயம் வந்ததில்லை. எவ்வளவு நன்றாக இருக்கிறது தெரியுமா!

உங்கள் எதிரி