எலுமிச்சை இல்லாமல் எழுபது வளைவு

இன்று தை பதினொன்று. எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஆறு நாள். காலையில் சேந்தமங்கலம் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி, வாந்திக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தாள். அந்த மணத்தில் உன் நினைவு வந்தது. அழுகை வரவில்லை, கவலைப்படாதே.

எழுபது கொண்டையூசி வளைவு ஏறிப்போகும் அந்த மலையில் அன்று நீ செவிலி, நான் மனநல ஆலோசகர். மலைமேல் திருப்புலி நாடு என்ற பகுதியிலிருந்து உன் பெரியம்மா மகளை நீதான் அழைத்து வந்தாய். பேருந்து ஒருமுறை வளைவில் சறுக்கி நின்றதிலிருந்து ஏழாண்டுகளாக மலையைவிட்டு இறங்காதவள். அடிவாரத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியனுப்பியிருந்தாள்.

நான் பாடத்தில் படித்ததையே செய்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சைச் சீராக்கி, வளைவுகளைக் கற்பனையில் கடக்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் என் அறையில் வெகு அமைதியாக உட்காரக் கற்றுக்கொண்டாள். பேருந்தில் ஏற்றியபோது இரண்டாம் வளைவிலேயே இறங்கிவிட்டாள்.

“ஏனுங்க டாக்டரம்மா, அக்கா பயப்படறது பஸ்ஸுக்குங்களா, உங்க நாற்காலிக்குங்களா?” என்றாய். பட்டம் பெற்றவளிடம் கேட்கக் கூடாத கேள்வி. சரியான கேள்வி.

பிறகு பேருந்திலேயே பழக்கினோம். நடத்துநர் நம்மைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படியும் அவள் பாதி வளைவுகளைத் தாண்டவில்லை. இதற்குள் மகளுக்கு வலி கண்டுவிட்டதென்று ஒரு மாலை சேதி வந்தது. விடிந்ததும் மூவரும் ஏறினோம். அன்றுதான் உன் கண்ணில் பட்டது: இத்தனை நாளும் அவள் கண்ணை இறுக மூடி, முந்தானைக்குள் ஓர் எலுமிச்சையைப் பிடித்தபடி வந்திருக்கிறாள். கடந்த வளைவுக்கெல்லாம் பெருமை பழத்துக்கே போயிருக்கிறது. அவளுக்குத் துணிவு எங்கிருந்து வரும்?

நீ பழத்தைப் பிடுங்கி, உப்புகூட இல்லாமல் கடித்துத் தின்றாய். “இனி உன்னக் காப்பாத்த ஒண்ணுமில்லக்கா. கண்ணத் தொறந்து பாரு.”

அவள் உன் பரம்பரையையே திட்டினாள். இருபது வளைவுவரை நடுங்கினாள். பிறகு நடுக்கம் தானாகவே தளர்ந்தது. கீழே தெரிந்த தோப்பு யாருடையது என்று என்னிடம் விசாரிக்கத் தொடங்கினாள்.

அதன்பின் அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குத் தனியாகவே போய்வந்தாள். நானும் அன்றுமுதல், பயமென்று வருபவர்களிடம், எதைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அன்று நாம் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்திருந்தாள். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா அக்கா ஊட்டுக்கே திரும்பியிருக்கும். சேதி வராம சாமிதான் பாத்துக்கிச்சு” என்று உன் கடைசி நாள்வரை சொல்லிச் சிரித்தாய்.

சாமி அல்ல, நான். நாம் ஏறுமுன்பே அவள் மருமகன் என்னைக் கைப்பேசியில் அழைத்து, குழந்தை பிறந்துவிட்டதென்று சொல்லிவிட்டான். தாயும் சேயும் நலமா என்று மட்டும் கேட்டேன். நலம் என்றான். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, உங்கள் இருவரையும் பேருந்தில் ஏற்றினேன்.