பஸ்ஸை முந்தி வந்த கொடி

மே 1983, ஞாயிறு இரவு. ஏற்காடு.

மண் சரிந்ததிலிருந்து மலைப்பாதையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகளைத்தான் விடுகிறோம். மேலே நான் நிற்கிறேன், கீழே மாரிமுத்து. வரிசையின் கடைசி வண்டியில் சிவப்புக் கொடியைக் கொடுத்தனுப்புவோம். கொடி கைக்கு வந்துவிட்டால் பாதை காலி என்று அர்த்தம்.

இன்று சீசன் கூட்டம். ஜீப்காரர் நீட்டிய கொடியை வாங்கியதும் எஸ்டேட் லாரியைக் கீழே இறக்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் அவர் சொன்னார்: "பஸ் நொம்ப மெதுவா வந்துச்சுங்க. எதிர்ல ஒண்ணும் வராதுன்னுதான் முந்திட்டு வந்துட்டேனுங்க."

கத்திக்கொண்டே ஓடினேன். வளைவில் லாரியும் பஸ்ஸும் ஒரு முழ இடைவெளியில் நேருக்கு நேர் நின்றிருந்தன.

"ஒண்ணும் ஆகலீங்களே, விடுங்க" என்கிறார், வேலை முடிந்து மேலே வந்த மாரிமுத்து.

இன்று ஜீப்காரர் வாய்விட்டுச் சொன்னதால் தெரிந்தது. இதற்கு முன் அந்தக் கொடி எத்தனை முறை இப்படி முந்தி வந்ததோ! விடிந்தால் மறுபடி அதைத்தான் நம்ப வேண்டும்.