கிரீடம் என்று நான் மொழிபெயர்த்த துணி

என் அன்புக்குரிய சன்னாசி அண்ணே,

நீங்கள் கண்ணை மூடி, வருகிற ஆடியோடு ஓராண்டு ஆகிறது. நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரெம்பியா டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல், மற்றபடி சுகம். நம் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறையாவது போய்வருவேன். முனியாண்டி கோயிலில் இப்போது உங்கள் மருமகன்தான் பூசை செய்கிறார். காலையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு, மாலையில் கோயில் விளக்கு, உங்களைப் போலவே.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதை எப்படிச் சொல்வது? முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிறவர்களுக்குத் தெரியாது.

ரப்பர் விலை விழுவதற்கு முந்திய வருஷங்கள் அவை. தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை, ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட இன்னொரு கொட்டகை கட்ட வேண்டும், அதற்கு முனியாண்டி கல் இருக்கும் ஆலமரத்தை வெட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் மூன்று பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதினேன். எல்லோரும் கைநாட்டு வைத்தால் போதும், சட்டப்படி கேட்கலாம் என்றேன். நீங்கள் அதை மரியாதையாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

"மனுவக் குடுத்தா முடியாதுன்னு ஒரு வார்த்தையில சொல்லிருவாரு வாத்தியாரே. ஆடிப் பூசை முடியட்டும்" என்றீர்கள்.

தோட்டத்துத் துரைகள் பூசைக்கு வருகிற வழக்கப்படி அந்த வருஷம் அவரும் வந்தார், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வழக்கமாகப் பெரிய கங்காணியின் தலையில் கட்டுகிற பரிவட்டத்தை, சாமிமேல் சாத்தி எடுத்த அந்தச் சிவப்புத் துணியை, நீங்கள் நேராகக் கொண்டுபோய்த் துரையின் தலையில் கட்டினீர்கள். கங்காணியின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. துரைக்கோ ஒரே சிரிப்பு. பெண்கள் குலவை போட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மரத்தை வெட்டப்போகிறவனுக்கே முதல் மரியாதையா? லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனம் அத்தனை பேர் முன்னாலும் உங்களைப் பார்த்து, "அடிமைப் புத்தி உங்கள விட்டுப் போகாது சன்னாசி. நீங்க பூசாரி இல்ல, அடிமை" என்றேன். நீங்கள் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து எனக்கும் நீட்டினீர்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை கோடாலிக்காரர்கள் வந்து துரையின் உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். மத்தியானம் பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, நீங்கள் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றீர்கள். "துரைகிட்ட இங்கிலீசுல ஒரு வார்த்தை சொல்லணும். ஆபீசு கிராணி சொன்னா மாத்திச் சொல்லுவான். நீங்க வர்றீங்களா?" அப்படிப் பேசிய என்னிடம் உதவி கேட்க எப்படி மனம் வந்தது அண்ணே? இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

பங்களாவில் நீங்கள் மரத்தை விட்டுவிடும்படி கேட்கவே இல்லை. கேட்டது ஒன்றுதான். முதல் வெட்டைத் துரையே வெட்ட வேண்டும். ஏன் நான், என்று அவர் கேட்டார்.

"பரிவட்டம் அவரு தலையிலதான ஏறுச்சு. இந்த வருசம் முனியாண்டி முன்னால எங்களுக்குப் பெரியவரு அவருதான். அவரு கை படாம அடுத்தவன் கோடாலி அங்க படக்கூடாது. வெட்டுனா பலனும் அவருக்கு, பழியும் அவருக்கு. அப்படியே சொல்லுங்க, கூட்டிக் குறைச்சுச் சொல்லாதீங்க."

பரிவட்டத்துக்கு எனக்கு இங்கிலீஷ் வார்த்தை கிடைக்கவில்லை. அவசரத்தில் கிரீடம் என்று சொல்லிவிட்டேன். துரை சத்தமாகச் சிரித்தார். எனக்குக் கிரீடம் வைத்தார்களா, நல்லது, ராஜாவே வந்து வெட்டுகிறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது ஓர் உதாரணத்தை வைத்து யோசித்துப் பார்க்கிறேன். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் அது முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கையில் இருப்பது வெறும் மஞ்சள் கயிறு. பார்க்கிறவனுக்கு அலங்காரம், கட்டிக்கொண்டவருக்குக் கட்டுப்பாடு. கிரீடம் வைத்தவன் நினைத்ததைச் செய்யலாம் என்று என் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்திருந்தது. பரிவட்டம் கட்டியவரோ நினைத்ததைச் செய்ய முடியாது. அதிகாரம் என்பதை நீங்கள் தலையில் ஏற்றும் பாரமாகப் பார்த்தீர்கள். நான் ஏறி உட்காரும் நாற்காலியாகப் பார்த்தேன்.

மரத்தடியில் இரண்டு லயத்து ஜனமும் நின்றது. பெண்கள் பால்வாளியை இன்னும் கீழே வைக்கவில்லை. நீங்கள் சூடம் ஏற்றிவிட்டு ஒதுங்கிக் கைகூப்பினீர்கள். யாரும் அழவில்லை, யாரும் கெஞ்சவில்லை. துரை கோடாலியை வாங்கி ஓங்கினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோடாலியை இறக்கி, அது யாருடையதோ அவனிடமே கொடுத்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கிறதல்லவா, கொட்டகையை அங்கே போடலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்துபோனார்.

சாமிக்குப் பயந்தாரா, எங்கள் கண்ணுக்குப் பயந்தாரா? நீங்கள் ஒருநாளும் விளக்கம் சொன்னதில்லை. அதற்கப்புறம் ஆடிதோறும் பரிவட்டம் துரைக்கே என்றானது. லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூடப் பங்களாப் படியில் போய் நின்று, "பரிவட்டம் கட்டுனவரு நீங்கதான?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரை அனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது விழும் அதட்டல் நிற்கவில்லை. விலை விழுந்தபோது எத்தனையோ குடும்பங்களை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். அதை எந்தத் துணியாலும் தடுக்க முடியவில்லை.

நம்மிடையே பேச்சு நின்றுபோகவில்லை. மழையைப் பற்றி, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். அடிமை என்ற அந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம், பூசை முடிந்து சொல்லலாம் என்று பத்து வருஷத்துக்குமேல் தள்ளினேன். உங்களுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து நான் கிளம்பிப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

போன ஞாயிறு இதுதான் நடந்தது. இளைஞர்கள் கூடி, இனி எந்தத் துரைக்கும் பரிவட்டம் கிடையாது என்று பேசினார்கள். நியாயமான பேச்சுதான், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என்னிடம் படித்த கோவிந்தன் எழுந்து, "சன்னாசி பூசாரி ஆரம்பிச்சு வச்ச பழக்கம்தான இது? அவரு ஒரு அடிமைன்னு நம்ம வாத்தியாரே அப்பவே எல்லாருக்கும் முன்னால சொல்லியிருக்காரு" என்றான். எல்லோரும் என்னைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் மருமகன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணே, அந்த இடத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளின் பிழையைத் திருத்தியவன், என் பிழையை என் மாணவன் ஒப்பிக்கும்போது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிறு, மரத்தடியில். நான் போகிறேன். பரிவட்டம் இனி யாருக்கு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், அது அவர்கள் காலத்து வேலை. ஆனால் யாரும் பேசுவதற்கு முன் நான் எழுந்து, அன்று சொன்னது பொய் என்று சொல்வேன். துரையைக் கட்டிப்போட்ட ஒரே ஆள் அடிமையாக இருக்க முடியாது என்று சொல்வேன். பிறகு உங்கள் மருமகனிடம் போய்க் கைநீட்டித் திருநீறு கேட்பேன். அவர் கொடுக்காவிட்டாலும் அடுத்த வாரமும் போய்க் கேட்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தாமதித்த தம்பி,
வேலாயுதம்
ரெம்பியா