லீலாக்காவிடம் நேராகக் கேட்டேன்

அக்டோபர் 14, செவ்வாய்

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் லீலாக்கா இன்றும் எங்கள் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு வந்திருந்தார். உயிரை விடும் எண்ணம் உண்டா என்ற கேள்வியைப் படிவத்தைப் பார்த்தே வாசித்து, மூன்று மாதமாக 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று அவர் முகம் சரியில்லை. பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன். "அக்கா, செத்துரலாம்னு தோணுதா?"

"தோணுது மக்களே. யாரும் இப்பிடி மொகத்தப் பாத்துக் கேட்டதில்ல."

உடனே டாக்டரிடம் அழைத்துப் போனேன். லீலாக்காவின் சம்மதத்தோடு அவர் தங்கையை வரவழைத்தோம். தங்கை, லீலாக்காவிடம் இருந்த மாத்திரைகளை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, "எக்கா, கொஞ்ச நாள் நம்ம வீட்டுல இரி" என்றாள்.

போகும்போது லீலாக்கா திரும்பினார். "வெள்ளிக்கிழம வரச் சொன்னாவ. நீ இருப்பியா?"

"இருப்பேன்க்கா."

வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. நாளை அதை ரத்து செய்ய வேண்டும். மனது நிறைந்திருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.