அப்பா போகாத இரண்டு நாட்கள்

அன்பு மகள் பாப்புவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று வழக்கம்போல ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், பயந்துகொண்டே படிக்காதே, அப்பா என் எதிரில்தான் படுத்திருக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது. ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து அதன்மேல் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகைதான் வரும், பாதி சொல்வதற்குள் வைத்துவிடுவேன்.

இரண்டு சுற்று மருந்து ஏற்றியதும் சிறுநீர்ப்பையில் இருந்த கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்று சொன்னோமே, அது பொய்யில்லை. அன்றைக்கு அப்பா பட்டறைக்குப் போய், தன்னோடு பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றேனே, அதுதான் பொய். நான்காவது சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனில் கட்டி முதலில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. "இனி இந்த மருந்துக்கு இது கட்டுப்படாது, வெளியே பரவுறதுக்குள்ள சிறுநீர்ப்பையையே எடுத்துடணும், நாள் கடத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா. வயிற்றோரம் ஒரு துளை வைப்பார்களாம், சிறுநீர் அதன் வழியாக வெளியே ஒட்டிய ஒரு பையில் சேருமாம், ஆயுசு முழுக்க அப்படித்தானாம். அப்பா முடியாது என்ற ஒரே வார்த்தையோடு எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒன்பது நாள் நான் மன்றாடினேன். வயிற்றில் அந்தப் பையோடு திரிய வெட்கப்படுகிறார் என்று நினைத்து, சட்டையைத் தளர்வாகப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், பிடிகொடுக்கவே இல்லை. பத்தாம் நாள் ஆபரேஷன் தேதி கேட்டு நர்ஸ் போன் செய்தாள். பேச்சுவாக்கில், "மூணாவது, நாலாவது சுற்றுல எட்டாம் நாள் ஊசிக்குக் காய்ச்சல்னு சொல்லி வரலையே, இப்ப காய்ச்சல் இல்லையே?" என்று கேட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் எட்டாம் நாள் போடும் அந்த ஊசி அரை மணி நேர வேலைதான், அதற்காக நான் ஸ்கூல் ஆபீஸுக்கு லீவு போட வேண்டாம், தானே போய்வருவதாக அப்பா சொல்வார். இரண்டு நாளும் துண்டும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து வாசல்வரை வந்து அனுப்பியவள் நான், காய்ச்சல் எங்கே இருந்தது?

நான் கேட்டதும் அப்பா மறைக்கவில்லை. இரண்டு நாளும் பட்டறைக்குப் பின்னால், கழற்றிப் போட்ட பஸ் சீட்டில் மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது சுற்றிலிருந்தே விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டதாம். ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் அவர் இழுத்த கோடு நெளிந்துவிட்டது, முதலாளியே துணியை எடுத்துத் துடைத்தாராம். "அவர் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. கையும் போயிடுச்சுன்னா நான் எதுக்கு?" என்றார். அதோடு நிற்கவில்லை. "அரைகுறையா மருந்து குடுத்து நானே கட்டியை அதுக்குப் பழக்கிவிட்டுட்டேன். காய்ச்சல் மாத்திரையைப் பாதியில நிறுத்தினதுக்கே பாப்பு அந்தத் திட்டு திட்டுவா. நோய் மருந்துக்கு எப்படித் தப்பிக்குதுன்னுதான் அவ அங்க வருஷக்கணக்கா படிச்சுட்டிருக்கா. அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? பண்ணினதை நானே அனுபவிச்சுட்டுப் போறேன், விடு" என்றார். பாப்பு, அந்தப் பைக்குப் பயந்து இல்லையம்மா, உனக்குப் பயந்து அந்த மனிதர் சாகத் துணிந்திருந்தார்.

மறுநாளே கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் அப்பா எதிரிலேயே சொன்னேன். அந்த அம்மா முதலில் எடுத்த சதைப் பரிசோதனைக் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஒரே கட்டின்னாலும் உள்ளே இருக்குற செல்லெல்லாம் ஒரே மாதிரி இல்லைங்க ஐயா. இந்த மருந்து செல்லோட மரபு இழையைச் சிதைக்கும், பெரும்பாலும் செத்துடும். சிலது சிதைஞ்சதைச் சரிபண்ணிக்கும், சிலது உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிடும். அதெல்லாம் முதல் ஊசிக்கு முன்னாடியே உங்களுக்குள்ள இருந்திருக்கும். மத்தது செத்ததும் இதுங்களுக்கு இடம் கிடைச்சிருச்சு." அந்த இரண்டு ஊசியையும் போட்டிருந்தால், என்று அப்பா இழுத்தார். டாக்டரம்மா அந்தக் காகிதத்தைக் கீழே வைத்தார். "கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், யாராலயும் சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லாததனால்தான் அப்பா நம்பினார் என்று நினைக்கிறேன். அப்புறம் விழுந்ததே திட்டு! கை மரத்துப்போவதும் மருந்தின் வேலைதான், சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருக்க மாட்டேனா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று. அப்பா தலையைக் குனிந்தபடி பேனா கேட்டார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம். தீ பிடித்தால் என்ன செய்வது என்று எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்ததை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன், இடையில் ஒரு நர்ஸ் ரத்தப் பைகளோடு உள்ளே ஓடினாள், யாருக்கு என்று கேட்காமல் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன். இன்றைக்கு ஆறாம் நாள். கதவுவரை நடந்தார். பையைக் காலிசெய்யக் கற்றுக்கொண்டுவிட்டார், அதன் அடியில் இருக்கும் திருகு மட்டரகம், பட்டறையில் ஒரு நாள்கூடத் தாங்காது என்று நர்ஸிடம் குறை சொல்கிறார். ரிப்போர்ட் காலையில் வந்தது. வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் எடுத்துப் பார்த்த பதினெட்டு நெறிக்கட்டியில் ஒன்றில் நோய் இருக்கிறது. அதற்குப் பழைய மருந்து வேண்டாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே ஏவிவிடும் வேறு வகை ஊசி தருவார்களாம். அது கேட்குமா என்று கேட்டேன், போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்கள். உனக்கு இதில் என்னைவிட அதிகம் தெரியும், தெரிந்ததை எனக்கு எழுது, கூட்டாமல் குறைக்காமல் எழுது.

இதையெல்லாம் எழுதச் சொன்னதே அப்பாதான். "நீயே எழுதிடு, என்னால அவகிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியாது" என்றார். உன்னிடம் மறைத்தது என் தப்பு, அந்தக் கோபத்தை என்மேல் காட்டு. லீவு கிடைத்தால் வா, பதறியடித்துக்கொண்டு வராதே, அவசரத்தில் பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புகிறவள் நீ. உனக்கு ஒரு குறையும் வராது, மனசைத் திடமாக வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்யும்போது அந்த இரண்டு நாளுக்காக அவரை நன்றாகத் திட்டு, எப்போதும்போல வாய் ஓயாமல் திட்டு. நீ தழைந்து பேசினால் தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா