பதினொன்றாம் எண்

கௌனாஸ்,
ஞாயிறு காலை

அன்புள்ள கெஸ்டுடிஸ்,

நேற்று எனக்கு மரியாதையாக என் பதினொன்றாம் எண் ஜெர்சியைக் கூடைப்பந்து அரங்கத்தின் கூரையில் ஏற்றிவிட்டார்கள். இனி நம் அணியில் யாரும் அந்த எண்ணில் ஆட முடியாது.

அது உன் எண். அன்று உன் முழங்காலில் அடிபட்ட வாரமே, நீ ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "போட்டுக்கோடா, ஆனா நாற வச்சிடாதே. வந்ததும் எனக்கு வேணும்" என்று நீ போனில் சிரித்தாய். எட்டு மாதத்தில் வந்தாய். நான் கொடுக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. அந்த வருஷமே வேறு ஊர் அணிக்குப் போய்விட்டாய்.

நேற்று இதையெல்லாம் சொல்லத்தான் மைக்கை வாங்கினேன். பயிற்சியாளருக்கும் ரசிகர்களுக்கும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மேல் வரிசையில் நீ எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாய்.

உன் பழைய அறைத்தோழன்