பழைய குரல்

மரியாதைக்குரிய வாப்பாவுக்கு, ஜெர்மனியிலிருந்து சுமைரா. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மூட்டுவலி தேவலையா? தேங்காப்பட்டணத்தில் மழை விட்டதா?

இங்கே வரிசையாக ஓடும் லாரிகள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க ரேடியோவில் பேசிக்கொள்ளும். அதைச் சோதிப்பதுதான் என் வேலை. திங்கட்கிழமை நான் இருந்த லாரிக்கு முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. எங்கள் திரையிலோ, "ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்றே அதன் செய்தி வந்துகொண்டிருந்தது. யாரோ பழைய செய்தியைப் பதிந்துவைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். டிரைவர் கண்ணால் பார்த்து பிரேக்கை மிதித்ததால் தப்பினோம். பயப்படாதீர்கள், நெற்றியில் சின்ன வீக்கம்தான்.

அறைக்கு வந்து, வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய உம்மாவின் குரலைக் கேட்டேன். "எனக்குச் சொகந்தான் மக்களே, நீ சோறு தின்னியா?" பின்னால் மீன்காரர் "சாளேய்" என்று கூவுகிறார். முந்தின நாள் அனுப்பியதிலும் அதே இடத்தில் அதே கூவல். அதற்கு முந்தின நாளும்தான். போன் செய்தால், "உம்மா ஒறங்குதா" என்கிறீர்கள்.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். உம்மாவைப் பற்றிப் போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது எங்கள் லாரிகள், அனுப்பிய நேரம் குறிக்காத செய்தியை நம்புவதில்லை. வாப்பா, உம்மாவிடம் போனைக் கொடுங்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

மகள்,
சுமைரா